முன்னுரிமைப் பட்டியலில் உங்கள் இடம்: புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியர்களுக்கு

பணியில் சேர்ந்த முதல் வருடம் யாருக்கும் முன்னுரிமைப் பட்டியல், அதாவது பணியில் யார் மூத்தவர் என்ற வரிசை, ஞாபகத்துக்கு வராது. முதல் சம்பளம் எப்போது வரும், துறையின் கணினிப் பதிவான எமிஸில் பெயர் ஏறிவிட்டதா, எந்த வகுப்பு கொடுப்பார்கள், ஊருக்குப் பக்கத்தில் மாறுதல் எப்போது கேட்கலாம் என்பதிலேயே வருடம் ஓடிவிடும். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பதவி உயர்வுக்குப் பேனல் (பதவி உயர்வு பெறத் தகுதியானவர்களின் பட்டியல்) வரும்போதுதான், தனக்குப் பின்னால் தேர்வானவரின் பெயர் தனக்கு மேலே இருப்பது கண்ணில் படும். அன்றைக்குப் பழைய ஆணைகளைத் தேடினால் பாதி கிடைக்காது. கிடைத்தாலும், "இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை?" என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

முப்பது வருடத்துக்கு மேல் அரசுப் பள்ளியில் வேலை பார்த்தவன் நான். சக ஆசிரியர்களுக்காக முன்னுரிமை முறையீடுகள் நிறைய எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவற்றில் தோற்றுப்போனவை பெரும்பாலும் காலம் கடந்து போனதால் தோற்றவை. நியாயம் அவர்கள் பக்கம்தான் இருந்தது. இப்போது சேருகிறவர்களுக்கு அந்த நிலை வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டு அரசுப் பள்ளி, ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்களை மனதில் வைத்து எழுதியது இது. உதவிபெறும் பள்ளிகளுக்குக் கணக்கு வேறு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில், உங்கள் பட்டியல் எது?

"எனக்கு சீனியாரிட்டி போய்விட்டது" என்று வருகிறவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் பட்டியலில்?" என்பதுதான். ஒரே ஆசிரியரின் பெயர் பல பட்டியல்களில் இருக்கலாம். பட்டதாரி ஆசிரியரையே எடுத்துக்கொள்ளுங்கள். முதுகலை ஆசிரியராகப் பதவி உயர்வு பெறப் பாடவாரியான பட்டியல் பார்ப்பார்கள். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் பதவிக்கு எல்லாப் பாடங்களும் சேர்ந்த பட்டியல். ஒன்றில் இடம் சரியாக இருந்து மற்றொன்றில் தவறாக இருப்பது சாதாரணமாக நடக்கிறது. அப்புறம், மாறுதல் கலந்தாய்வுக்குப் போடும் முன்னுரிமை வேறு. அதில் தற்போதைய பள்ளியில் எத்தனை ஆண்டு, கணவன் மனைவி பணிபுரியும் இடம், மாற்றுத்திறன் போன்றவை வரும். அந்தப் பட்டியலில் கீழே இருப்பதால் பதவி உயர்வு முன்னுரிமை போய்விட்டது என்று பயப்பட வேண்டாம்.

தொடக்கக் கல்வித் துறையில் இருப்பவர்கள் இங்கே கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1.6.1981 முதல் அரசு ஊழியர் ஆனார்கள். ஆனாலும் முன்னுரிமை பல பத்தாண்டுகளாக ஒன்றிய அளவிலேயே இருந்தது. ஒரு ஒன்றியத்தில் காலியிடம் வேகமாக வந்தால் அங்கே இருப்பவர் சீக்கிரம் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர் ஆகிவிடுவார். பக்கத்து ஒன்றியத்தில் அதே வருடம் சேர்ந்தவர் இடைநிலை ஆசிரியராகவே ஓய்வு பெறுவார். இதைவிடப் பெரிய வலி, மாறுதலில் போனவர்களுக்கு. கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பெண் ஆசிரியர், பத்து வருட சர்வீஸோடு புதிய ஒன்றியத்துக்குப் போய், அங்கே நேற்றுச் சேர்ந்தவருக்கும் கீழே கடைசிப் பெயராக நிற்பார். இப்படி நின்ற எத்தனையோ பேரை நான் பார்த்திருக்கிறேன்.

21.12.2023 தேதியிட்ட பள்ளிக் கல்வித் துறை அரசாணை எண் 243 இதை மாற்றியது. தொடக்கக் கல்வித் துறை ஆசிரியர்களுக்கு ஒன்றிய முன்னுரிமை போய், மாநில முன்னுரிமை வந்தது. ஆசிரியர் சங்கங்களின் டிட்டோஜாக் கூட்டமைப்பு இதை எதிர்த்துத் தொடர்ந்து போராடியது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது: ஒன்றியத்துக்குள்ளேயே பதவி உயர்வு கிடைக்கும் என்று நம்பி, மாறுதலே கேட்காமல் இருந்தவர்களின் கணக்கு ஒரே நாளில் மாறிவிட்டது, பதவி உயர்வு வேண்டுமென்றால் தூர மாவட்டத்துக்குப் போக வேண்டியிருக்கும். மாறுதலில் போய் முன்னுரிமையை இழந்த பெண் ஆசிரியர்களுக்கோ இது நல்ல மாற்றம். என் மனம் அவர்கள் பக்கம்தான். ஆனால் நீங்கள் எந்தப் பக்கம் இருந்தாலும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: உங்கள் பெயர் மாநிலப் பட்டியலில் எந்தத் தேதியோடு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றியத்தில் சேர்ந்த நாளா, துறையில் முதன்முதலாகச் சேர்ந்த நாளா? மாறுதலில் வந்தவர்களுக்கு இந்த ஒரு கட்டத்தில்தான் தகராறே.

கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது

நேரடி நியமனத்தில் வந்தவருக்கு, அதாவது ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியாக வந்தவருக்கு, அடிப்படை தெரிவுப் பட்டியலில் உள்ள தர எண். பணியில் சேர்ந்த தேதி அல்ல. இதைப் புதியவர்கள் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். முற்பகலில் சேர்ந்தேனா, பிற்பகலில் சேர்ந்தேனா என்று தூக்கம் கெடுத்துக்கொள்வார்கள். ஒரே தேர்வில் ஒரே பட்டியலில் வந்தவர்களுக்குள் அது பொருட்டே இல்லை. நியமன ஆணையில் கொடுத்த கெடுவுக்குள், அல்லது முறைப்படி நீட்டித்து வாங்கிய நாளுக்குள் சேர்ந்திருந்தால் போதும்.

பதவி உயர்வில் வந்தவருக்குப் பேனலில் உள்ள வரிசை. நேரடியாகவும் பதவி உயர்வாகவும் இரண்டு வழியில் ஆள் வரும் பதவிகளில், இந்த இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கோக்கும்போது நியமன நாள் முக்கியமாகிறது. வழக்குகளில் பெரும்பகுதி இந்தக் கோக்கும் இடத்தில்தான் பிறக்கிறது.

தற்காலிகமாக வந்தவர்களின் நிலை சிக்கலானது. பழைய பொது விதியில் 10(ஏ)(1) என்று சொல்வார்கள்: அவசரத்துக்குத் தற்காலிகமாக நியமித்து, பின்னால் பணிவரன்முறை செய்வது, அதாவது முறையான நியமனமாக்குவது. அந்த இடைக்காலம் முன்னுரிமைக்குச் சேருமா? இதற்கு உச்ச நீதிமன்றம் 1990-இல் மகாராஷ்டிரப் பொறியாளர் சங்க வழக்கில் சொன்னது இன்றும் அடிப்படை. விதிப்படி நியமிக்கப்பட்டவருக்கு நியமன நாளிலிருந்தே கணக்கு, உறுதி செய்யப்பட்ட நாளிலிருந்து அல்ல. விதிப்படி அல்லாமல் இட்டு நிரப்பலாக வைத்திருந்த காலம் கணக்கில் வராது. உங்கள் நியமன ஆணையில் "முற்றிலும் தற்காலிகமாக" என்ற சொல் இருந்தால், அது எந்த விதியின் கீழ் என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2003-க்குப் பிறகு தொகுப்பூதியத்தில் சேர்ந்து, 1.6.2006 முதல் காலமுறை ஊதியத்துக்கு வந்த ஆசிரியர்கள் அந்த முந்தைய காலத்துக்காக எத்தனை வருடம் மனு கொடுத்தார்கள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். சேர்ந்த நாளும் கணக்குத் தொடங்கும் நாளும் வேறாக இருக்கலாம் என்று அவர்களில் பலருக்கு ஆரம்பத்தில் யாரும் சொல்லவில்லை.

மாறுதலில் ஒரு விஷயம் மட்டும். நிர்வாகக் காரணத்துக்காகத் துறையே அனுப்பினால் முன்னுரிமை கூடவே வரும். சொந்த விருப்பத்தில் ஒரு அலகிலிருந்து (ஒரே முன்னுரிமைப் பட்டியல் உள்ள எல்லையிலிருந்து) வேறு அலகுக்குப் போனால், புதிய அலகில் கடைசி இடம். உச்ச நீதிமன்றமும் 2006-இல் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதி செய்திருக்கிறது. அலகு விட்டு அலகு மாறுதலுக்குக் கையெழுத்துப் போடும்போது, "முன்னுரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதிக்கிறேன்" என்ற வரி படிவத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அதன் பொருள் எழுதியிருக்கிறபடியேதான். உபரி என்று காட்டிப் பணிநிரவலில் அனுப்பினால் அது உங்கள் விருப்பம் அல்ல. ஆணையில் "பணிநிரவல்" என்ற சொல் தெளிவாக வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பெண்ணா, இனச்சுழற்சியா

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடந்த பத்தாண்டில் பட்டியல்களைப் புரட்டிப்போட்டது இதுதான்.

தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. எந்த இடம் யாருக்கு என்று தீர்மானிக்க 200 புள்ளி கொண்ட இனச்சுழற்சி அட்டவணை உண்டு. ஒரு தேர்வில் நூறு பேர் தேர்வானால், மதிப்பெண் வரிசை என்று ஒன்று இருக்கும், சுழற்சிப் புள்ளி வரிசை என்று ஒன்று இருக்கும். மதிப்பெண்ணில் ஆறாவதாக இருப்பவர் சுழற்சியில் பதினெட்டாவதாக வரலாம். வேலை இருவருக்கும் கிடைக்கிறது. அதில் தகராறு இல்லை. நாளைக்குப் பதவி உயர்வுக்கு யார் மூத்தவர் என்பதுதான் கேள்வி. நீண்ட காலம் சுழற்சி வரிசையே முன்னுரிமை வரிசையாகவும் இருந்தது.

அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வழியாக வந்தவர்கள் இதை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். சுழற்சி என்பது இடத்தை ஒதுக்கத்தான், மூப்பை நிர்ணயிக்க அல்ல என்று சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் சொன்னது. அடுத்த வருடம் உச்ச நீதிமன்றத்திலும் அது நின்றது. உடனே அரசு 2016-இல் தமிழ்நாடு அரசு ஊழியர்கள் பணி நிபந்தனைகள் சட்டத்தைக் கொண்டுவந்து, சுழற்சி வழியிலான முன்னுரிமைக்குச் சட்டப் பாதுகாப்புக் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு முன்னுரிமை பற்றியது. 2019 நவம்பரில் உயர் நீதிமன்றம் பிரிவுகள் 1(2), 40, 70 ஆகியவற்றைச் செல்லாது என்று அறிவித்தது. 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இதன் விளைவு: ஒரே தேர்வில் வந்தவர்களுக்குள் மதிப்பெண் அடிப்படையிலான தர எண்தான் முன்னுரிமை. இடஒதுக்கீட்டில் வேலை பெறும் உரிமையை இந்தத் தீர்ப்புகள் தொடவில்லை. ஆசிரியர் அறையில் இந்தப் பேச்சு வரும்போது சாதிச் சண்டையாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன். உங்களுக்கு வேலை எல்லாம் இதில் ஒன்றுதான்: தேர்வு வாரியம் வெளியிட்ட தெரிவுப் பட்டியலில் உங்கள் மதிப்பெண்ணும் தர எண்ணும் உள்ள பக்கத்தை இன்றே அச்செடுத்து வையுங்கள். இணையப் பக்கம் அடுத்த வருடமும் அங்கே இருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.

கோப்பு ஒன்று போடுங்கள்

கடையில் அட்டைக் கோப்பு ஒன்று வாங்குங்கள். அதில் இருக்க வேண்டியவை: தேர்வு வாரியத் தெரிவுப் பட்டியலின் பக்கம், நியமன ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கையின் அலுவலக முத்திரை உள்ள நகல், பணிவரன்முறை ஆணை, தகுதிகாண் பருவம் முடித்த ஆணை, ஒவ்வொரு மாறுதல் ஆணையும் அதன் விடுவிப்பு ஆணையும், துறைத் தேர்வு முடிவுகள், உயர் படிப்புக்கு வாங்கிய முன் அனுமதி.

தகுதிகாண் பருவம் தானாக முடிந்துவிடாது. மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடம் பணி செய்ததும், முடித்ததாக ஆணை கேட்டு வாங்க வேண்டும். நீண்ட மருத்துவ விடுப்போ மகப்பேறு விடுப்போ இடையில் வந்திருந்தால் நாள் கணக்கைத் தலைமையாசிரியரோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்துவிடுங்கள்.

பணிப்பதிவேட்டை வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்க்கக் கேளுங்கள். அரசின் களஞ்சியம் கணினி முறை வந்த பிறகு கணினியில் இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். தாளில் தவறாக இருந்தது அப்படியே கணினிக்கும் ஏறியிருக்கும்.

பட்டியல் வந்ததும்

வழக்கமாக ஜனவரி 1 நிலவரப்படி என்று சொல்லிப் பட்டியல் தயாராகும். இயக்குநரின் செயல்முறைகள் (அலுவலக ஆணை) முதன்மைக் கல்வி அலுவலருக்கு வரும், அங்கிருந்து பள்ளிக்கு வரும். திருத்தம் இருந்தால் இந்தத் தேதிக்குள் தெரிவிக்கவும் என்று ஒரு வரி இருக்கும். சில சமயம் அந்தக் கெடு மூன்று நாள்தான். "விடுபடல் ஏதுமில்லை" என்று கையெழுத்து வாங்கும் படிவமும் கூடவே வரும். படிக்காமல் அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பிற்பாடு எதிர்த்தரப்பு முதலில் காட்டுவது அதைத்தான்.

பட்டியலைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். என் பள்ளியில் கணிதம் எடுத்த டீச்சர் ஒருவர், கலங்கிய கண்ணோடு பட்டியலைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். அவருடைய தர எண் 41. பெயர் இருந்ததோ வரிசை எண் 612-இல். கைக்குழந்தையோடு இருந்ததால் நீட்டிப்பு வாங்கி, மற்றவர்களைவிடப் பத்தொன்பது நாள் கழித்துச் சேர்ந்தவர். "லேட்டாச் சேர்ந்ததால போயிடுச்சு சார், என் தப்புதான்" என்று அவரே தீர்மானித்துவிட்டிருந்தார். சேர்ந்த அறிக்கையில் "பி.ப." என்று எழுதியிருந்ததையும் காட்டி வருத்தப்பட்டார்.

மேசையிலிருந்த அடிக்கோலை எடுத்து அவர் பெயருக்கு அடியில் வைத்தேன். நீளமான தாள், பொடி எழுத்து. அடிக்கோல் இல்லாவிட்டால் கண் அடுத்த வரிக்கு ஓடிவிடும். கட்டம் கட்டமாக நகர்த்தினோம். பிறந்த தேதி சரி. சேர்ந்த நாள் சரி. பணிவரன்முறை நாள் சரி. தர எண் கட்டத்தில் ஒன்றுமில்லை, வெறும் கோடு. அவருக்கு மேலே இருந்த பதினைந்து பேரைப் பார்த்தோம், எல்லோருக்கும் தர எண் இருந்தது. கீழே இருந்தவர்களில் நான்கு பேருக்கு அதே வெறும் கோடு, நால்வரும் தாமதமாகச் சேர்ந்தவர்கள். தர எண் இல்லாதவர்களைச் சேர்ந்த தேதிப்படி கடைசியில் கோத்துவிட்டிருக்கிறார்கள். தப்பு அவருடையதே அல்ல. தெரிவுப் பட்டியலின் ஒரு பக்க நகலும் ஒரு பக்க மனுவும் போயின. இறுதிப் பட்டியலில் தன் இடத்துக்கு வந்துவிட்டார். வழக்கு, வக்கீல் எதுவும் தேவைப்படவில்லை.

உங்கள் பெயரை மட்டும் பார்த்தால் பிழை தெரியாது என்பதற்காகத்தான் இதைச் சொன்னேன். உங்களுக்கு மேலே இருபது, கீழே இருபது பெயரைப் பாருங்கள். உங்களுக்கு முந்தைய தர எண்காரர் எங்கே, அடுத்த தர எண்காரர் எங்கே என்று குறியுங்கள். வேறுபாடு எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மனு எழுதுவது

உருக்கமாக எழுத வேண்டாம். குடும்பச் சூழ்நிலை, உழைப்பு, தேர்ச்சி விழுக்காடு இவை எதுவும் முன்னுரிமையை மாற்றாது. பிரிவு உதவியாளர் இரண்டு நிமிடத்தில் சரிபார்க்கும்படி இருக்க வேண்டும். அந்த டீச்சருக்கு எழுதியது ஏறக்குறைய இப்படித்தான்:

"பார்வையில் கண்ட செயல்முறைகளின்படி வெளியிடப்பட்ட தற்காலிக முன்னுரிமைப் பட்டியலில் என் பெயர் வரிசை எண் 612-இல் உள்ளது. ஆசிரியர் தேர்வு வாரியத் தெரிவுப் பட்டியலில் என் தர எண் 41. அதே தெரிவில் தர எண் 40 உடையவர் வரிசை எண் 386-இலும், தர எண் 42 உடையவர் வரிசை எண் 387-இலும் உள்ளனர். என் தர எண் பட்டியலில் குறிப்பிடப்படாமல் விடுபட்டுள்ளது. எனவே என் பெயரை வரிசை எண் 386-க்கும் 387-க்கும் இடையில் சேர்த்துத் திருத்திய பட்டியல் வெளியிடப் பணிவுடன் வேண்டுகிறேன். இணைப்பு: தெரிவுப் பட்டியல் பக்கம், நியமன ஆணை, சேர்வதற்கான கால நீட்டிப்பு ஆணை, பணியில் சேர்ந்த அறிக்கை."

எங்கே இருக்கிறேன், எங்கே இருக்க வேண்டும், ஏன், ஆதாரம் என்ன. இந்த நான்கும் இருந்தால் போதும். தலைமையாசிரியர் வழியாக உரிய வழியில் அனுப்புங்கள். முன்நகல் ஒன்றை நேரடியாக நியமன அலுவலருக்கு ஸ்பீடு போஸ்ட்டில் போடுங்கள். பள்ளியில் கொடுத்ததற்கு உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். "கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்" என்பது எங்கேயும் நிற்காது.

மூன்று ஆண்டுக் கெடு ஒன்று இருக்கிறது. முன்னுரிமையைத் திருத்தக் கோரும் விண்ணப்பத்தை அந்தப் பதவியில் நியமனம் ஆன மூன்று ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும் என்று பழைய பொது விதி 35-இல் இருந்தது. 2016 சட்டத்திலும் அதையே எழுதினார்கள். உண்மை விவரத்தில் நேர்ந்த பிழையைத் திருத்த அது தடையில்லை என்றும் விலக்கு உண்டு. அந்த விலக்கை நம்பிக் காத்திருக்காதீர்கள். சேர்ந்த மூன்று வருடத்துக்குள் ஒரு மனுவாவது எழுத்தில் இருக்கட்டும்.

பதில் வரவில்லையா? ஒரு மாதம் பார்த்துவிட்டு நினைவூட்டுக் கடிதம் போடுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, என் மனு மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன, கோப்பின் நகல் தேவை என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. முன்னுரிமைப் பட்டியலையும் தெரிவுப் பட்டியலையும் கேட்கலாம். இன்னொரு ஆசிரியரின் பணிப்பதிவேட்டைக் கேட்டால், தனிநபர் விவரம் என்று மறுத்துவிடுவார்கள்.

நீதிமன்றம் போவதென்றால்

இளையவருக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள், உங்கள் மனுவுக்குப் பதில் இல்லை அல்லது நிராகரித்துவிட்டார்கள். அப்போதுதான் ரிட் மனு. அரசமைப்புச் சட்டப் பிரிவு 226-இன் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்தில். உங்கள் மாவட்டத்தைப் பொறுத்துச் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ.

எவ்வளவு நாளுக்குள்? ரிட் மனுவுக்குச் சட்டத்தில் கெடு எழுதவில்லை. ஆனால் 1974-இல் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை இன்றும் எல்லா நீதிபதிகளும் எடுத்துக்காட்டுகிறார்கள். இளையவரைத் தனக்கு மேலே தூக்கிவிட்டதாகக் குறைப்படுகிறவர் ஆறு மாதத்துக்குள், அதிகம் போனால் ஒரு வருடத்துக்குள் வர வேண்டும். அந்த வழக்கில் குறை நடந்தது 1957-இல், வந்தது 1971-இல்.

"நான் வருடா வருடம் மனு கொடுத்துக்கொண்டுதானே இருந்தேன்" என்பதும் காப்பாற்றாது. இதுவும் தமிழ்நாட்டிலிருந்து போன வழக்குத்தான், 2008: காலம் கடந்த கோரிக்கைக்கு அதிகாரி பதில் எழுதிவிட்டார் என்பதால் செத்துப்போன உரிமை உயிர் பெறாது என்றது உச்ச நீதிமன்றம். "மனுவைப் பரிசீலித்து ஆணையிடுக" என்று மட்டும் உத்தரவு வாங்கும் வழக்கம் நம் ஆசிரியர்களிடம் அதிகம். முதல் ஆறு மாதத்தில் அது உதவும். அதிகாரி காரணம் சொல்லி ஆணை போட்டாக வேண்டும், அந்த ஆணையை எதிர்த்து அடுத்த வழக்குப் போடலாம். பத்து வருடப் பழைய குறைக்கு அப்படி உத்தரவு வாங்குவது பணத்துக்கும் காலத்துக்கும் நஷ்டம்.

யாரைத் தரப்பாகச் சேர்ப்பது என்பதில் பலர் சறுக்குகிறார்கள். அரசுச் செயலாளர், இயக்குநர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று மூன்று பேரை எழுதிவிட்டு நிறுத்திவிடுவார்கள். நீங்கள் மேலே போனால் யார் கீழே இறங்குவாரோ அவரும் தரப்பாக இருக்க வேண்டும். நூற்றுக்கணக்கானவர் என்றால் சிலரைப் பிரதிநிதியாகவாவது சேர்க்க வேண்டும். உத்தரப் பிரதேச ஆசிரியர்கள் சம்பந்தப்பட்ட 1984 வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சக ஆசிரியர் பெயரை எதிர்மனுதாரராக எழுதச் சங்கடமாகத்தான் இருக்கும். வழக்குப் போடும் முன் அவரை நேரில் பார்த்து, "உங்கள் மேல் கோபம் இல்லை, பட்டியலைத்தான் எதிர்க்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நோட்டீஸ் தபாலில் போய்த் தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ நல்லது; நாளை ஒரே பள்ளியில் வேலை பார்க்க வேண்டியவர்கள்.

இதே நோட்டீஸ் உங்களுக்கு வந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அரசு வக்கீல் பார்த்துக்கொள்வார் என்று விட்டவர்கள், ஒரு நாள் காலையில் பதவி இறக்க ஆணையோடு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பாதிக்கப்படுகிற ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரு வக்கீலை வைத்துப் பதில் மனு போடுங்கள்.

வழக்கு நடக்கும்போதே பேனல் வந்தால், பதவி உயர்வுகள் வழக்கின் இறுதி முடிவுக்குக் கட்டுப்பட்டவை என்று இடைக்கால உத்தரவு கேளுங்கள். மொத்தக் கலந்தாய்வையும் தடை செய்யக் கேட்டால் நீதிமன்றம் தயங்கும், நூறு பள்ளியில் தலைமையாசிரியர் இல்லாமல் போகும் என்று. ஜெயித்த பிறகு பெரும்பாலும் கருத்தியலாகத்தான் முன்னுரிமை கிடைக்கும்: இளையவர் உயர்ந்த நாளிலிருந்து உங்களுக்கும் பதவி உயர்வு கொடுத்ததாகக் கொண்டு ஊதியம் நிர்ணயிப்பார்கள், பின்நிலுவைச் சம்பளம் கிடைப்பது அரிது. உத்தரவை நிறைவேற்றாவிட்டால் நீதிமன்ற அவமதிப்பு மனுவை ஒரு வருடத்துக்குள் போட வேண்டும். தனி நீதிபதியின் தீர்ப்புப் பாதகமானால் ரிட் மேல்முறையீட்டுக்கு 30 நாள்.

முன்னுரிமை இருந்தும் போதாத இடங்கள்

பட்டியலில் முதலில் இருந்தும் பேனலில் பெயர் வராமல் போகலாம். ஒழுங்கு நடவடிக்கைக்கான 17(பி) குற்றக் குறிப்பாணை நிலுவையில் இருந்தால் தள்ளிவைப்பார்கள். துறைத் தேர்வு முடிக்காவிட்டாலும் அப்படித்தான். ஆசிரியர் தகுதித் தேர்வு இப்போது இன்னும் முக்கியம். 1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருக்கும் பழைய ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. ஐந்து ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர்கள் பணியில் தொடரலாம், ஆனால் தேர்ச்சி இல்லாமல் பதவி உயர்வு கிடையாது. புதிதாக வந்த இடைநிலை ஆசிரியர் தாள் 1 முடித்துத்தான் வந்திருப்பார். பட்டதாரி ஆசிரியராக உயரத் தாள் 2 வேண்டும். படித்த சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுங்கள்.

உதவிபெறும் பள்ளிகளில் பட்டியல் அந்த நிர்வாகத்துக்குள்தான். அங்கே தனியார் பள்ளி ஒழுங்குமுறை விதிகளின்படி பதவி உயர்வுக்குத் தகுதியும் திறமையும் முதலில் பார்க்கப்படும். அவை ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் மூப்பு. அதனால் அங்கே வழக்கு நடத்தும் விதமும் வேறு. மூத்தவர் நான் என்று மட்டும் சொல்லி ஜெயிக்க முடியாது, என் தகுதி எதில் குறைவு என்று நிர்வாகத்தை எழுத்தில் சொல்ல வைக்க வேண்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது மூன்று. தேர்வு வாரியப் பக்கத்தை அச்செடுங்கள். பணிப்பதிவேட்டில் முதல் நான்கு பக்கத்தைப் பார்த்து, தர எண் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், பதியக் கோரி தலைமையாசிரியரிடம் ஒரு பக்க மனு கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக் கோப்பில் போடுங்கள்.